பூனைக்கும் சர்க்கரை வரும்!



சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத தெரு நம் பட்டுக்கோட்டைப் பக்கம் அபூர்வம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரப் பூனை இருக்கிற தெரு எங்கள் தெரு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எங்கள் வகுப்பில் விஷயம் தெரிந்த அன்றைக்கே "டேய், அதுக்கு சர்க்கரை இல்லாத டீ போட்டுக் குடுடா" என்று ஆரம்பித்தவர்கள் இன்னும் ஓயவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டபோது எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நாம் லேபில் படிக்கிற லீஸ்ட் கவுண்ட், ஃபீட்பேக் இந்த இரண்டும் ஒரு உயிரின் மேல் வேலை செய்வதை ஐந்து மாதமாகத் தினம் இரண்டு வேளை பார்த்து வருகிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பூனையின் பெயர் செவலை. வயது பத்துக்கு மேல். ஆண். எலி பிடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, அப்பாயி போடும் பால்சோற்றில் வளர்ந்து ஐந்தரைக் கிலோ வரை போனவன். போன வருடக் கடைசியில் ஆள் இளைக்க ஆரம்பித்தான். சாப்பாடு மட்டும் குறையவில்லை, முன்னைவிட அதிகம். மாட்டுத் தொட்டியில் ஏறி நின்று தண்ணீர் குடித்தான். பின்னங்கால்களை மனிதர்கள் குதிகால் ஊன்றுவது போலத் தரையில் பதித்து நடந்தான். நாங்கள் வயசாகிவிட்டது என்று விட்டிருப்போம். அப்பாயிதான் கொல்லைப்புறம் கூப்பிட்டுக் காட்டினார்: "தம்பி, இங்க வந்து பாரு. அவன் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது. எனக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்துருக்கு."

சோதனைக்கூடம் இல்லாத காலத்தில் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த வழியே அதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஓர் அளவைத் தாண்டினால் சிறுநீரகம் தாங்காமல் வெளியே விட்டுவிடும். மனிதருக்கு அந்த வரம்பு சுமார் 180 மில்லிகிராம் (100 மில்லி ரத்தத்துக்கு). பூனைக்கு இன்னும் மேலே, 250-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே பூனையின் சிறுநீரில் எறும்பு வருகிறதென்றால் உள்ளே சர்க்கரை ஏற்கெனவே ரொம்பத் தூரம் போயிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை வெளியே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்தத் தாகம். பின்னங்கால் பதிந்து நடந்தது நரம்பு பாதிக்கப்பட்டதால்.

"இனிப்பு சாப்பிடாத பூனைக்கு எப்படிடா சுகர் வரும்?" இதைக் கேட்காத நண்பர் இல்லை. நல்ல கேள்விதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர வேண்டிய ஜீன்களில் ஒன்று பூனை இனத்தில் வேலை செய்யாமல் கெட்டுக் கிடக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். செவலை பால்சோற்றை விரும்பியது பாலின் கொழுப்புக்காக. வியாதிக்குக் காரணம் இனிப்பு அல்ல. வயது, உடம்புப் பருமன், ஓடியாடாமை, இதோடு கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைச் சுற்றிப் படிகிற ஒரு புரதம். மனிதருக்கு நடுவயதில் வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையிலும் அதே புரதம்தான் படிகிறது. 1987-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி வெஸ்டர்மார்க் குழுவினர் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டபோது ஒரு மனிதரின் கணையக் கட்டியையும் சர்க்கரை நோய் வந்த ஒரு பூனையின் கணையத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அப்பாயி சொன்னது அறிவியல்படியும் சரிதான். இருவருக்கும் வந்தது கிட்டத்தட்ட ஒரே வியாதி.

ஒரே வியாதி என்பதால் ஒரே வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

தஞ்சாவூர் சாலையில் போனால் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012-ல் தொடங்கியது. நம்மில் பலர் அதன் வாசலைத் தாண்டி பஸ்ஸில் போயிருப்போம், உள்ளே போயிருக்க மாட்டோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அது என்று நினைப்பு. செவலையை மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். வழியெல்லாம் கத்தல். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பயந்த பூனைக்கு, வியாதியே இல்லாவிட்டாலும், ரத்தச் சர்க்கரை 300 வரைகூட ஏறிவிடும். ஆகவே கூடையிலிருந்து இறக்கியவுடன் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் தெரிந்த அறிகுறிகள் என்ன, எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்துச் சராசரியைக் காட்டுகிற ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையும் உண்டு. மீட்டரை ஒரு தடவை பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறவர்களுக்கு இது புரிய வேண்டிய விஷயம்.

சிறுநீரில் கீட்டோன் என்ற பொருள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இருந்தால் நிலைமை வேறு. உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரித்து ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற சர்க்கரைப் பூனையை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. செவலைக்கு அது இல்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டில் பெரிய சண்டை நடந்தது இதில்தான்.

எங்கள் ஊர் சோற்றுக்குப் பேர்போன சோழநாட்டின் தெற்கு ஓரம். இங்கே மனிதர், மாடு, நாய், பூனை, கோழி, காக்கை எல்லாருக்கும் சோறுதான். "சோறு போடாதேன்னு எந்த டாக்டர் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். வாயில்லா ஜீவன்" என்றார் அப்பாயி. நான் பேப்பரை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். நாலு கிலோ பூனையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தம் கால் லிட்டர் அளவுதான். சர்க்கரை 100 என்று சரியாக இருந்தால் அந்த ரத்தம் முழுவதிலும் இருக்கும் சர்க்கரை கால் கிராம். ஐம்பது கிராம் சோற்றில், அதாவது ஒரு சின்னப் பிடியில், மாவுச்சத்து சுமார் 14 கிராம். ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல்! மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அதைச் சமாளிக்கும் ஏற்பாடு பூனையின் உடம்பில் மிகக் குறைவு. அதன் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது. நம் கல்லீரல் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரையை வேகமாகப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் நொதியும் பூனையின் கல்லீரலில் வேலை செய்வதில்லை. எலியும் குருவியும் தின்பதற்கென்று அமைந்த உடம்பு அது. எலியின் உடம்பில் மாவுச்சத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

அப்பாயி பேப்பரைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் செவலையின் தட்டில் சோறு பாதிதான் இருந்தது. கணக்குக்கா, என் முகத்துக்கா என்று தெரியாது.

சரி, சோறு போனால் என்ன போடுவது? மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் மீன் இறங்குகிற ஊர்ப்பக்கம் இருக்கும் நமக்கு இது கஷ்டமில்லை. ஆனால் குழம்பு மீன் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கருவாடு உப்பு. பச்சையாகப் போடுவதும் சரியில்லை. சில மீன்களில் பி-1 வைட்டமினை அழிக்கும் பொருள் பச்சையில் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும். எனவே வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்தே கொடுக்க வேண்டும். பூனைக்குக் கட்டாயம் தேவையான டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். கொட்டிவிட்டால் போச்சு. மீன் மட்டுமே போட்டாலும் குறை. கோழிக்கறி, கோழியின் இதயம், அவித்த முட்டை என்று மாற்ற வேண்டும். ஈரல் எப்போதாவது கொஞ்சம். கறி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. எதை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். அப்போது கடல்மீன் விலையைக் கேட்டால் நமக்கே சர்க்கரை ஏறும். குளத்துக் கெண்டையும் முட்டையும்தான் கை கொடுத்தன. புரட்டாசி மாதம் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. வரப்போகிற புரட்டாசியில் என்ன செய்வது என்று அப்பாயி இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கொல்லையில் தனி அடுப்பு என்று தீர்ப்பு ஆகியிருக்கிறது. கடையில் விற்கும் பூனை பிஸ்கட்டிலும் மாவு நிறைய. பாக்கெட்டில் ஈரமாக வரும் வகை பெரும்பாலும் தேவலாம், ஆனால் அதிலும் குழம்பு போல இருப்பதில் மாவு கலந்திருக்கும். லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இளைக்கட்டும் என்று பூனையைப் பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். புது உணவுக்கும் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற வேண்டும்.

அடுத்து ஊசி. நம் துறைக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

"என் மருந்துதான் ஃபிரிட்ஜுல இருக்கே, அதுலயே ரெண்டு போட்டு விட்டா என்ன?" என்று அப்பாயி கேட்டார். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வியாதி என்றால் யாருக்கும் வருகிற யோசனைதான். ஆனால் அப்பாயியுடையது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த கலவை மருந்து, மனிதரின் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்றது. செவலைக்கு எழுதிக் கொடுத்தது கிளார்ஜின். மனிதருக்கு ஒரு நாள் முழுவதும் நிற்கிற மருந்து அது. பூனையின் உடம்பில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளை.

அதைவிடப் பெரிய விஷயம், பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் எண். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அப்பாயியுடையது 40. செவலைக்கு வாங்கிய பாட்டில் 100. சிரிஞ்சு வாங்கப் போன ஒரு மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று சிவப்பு மூடியை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றா? பார்க்கலாம். சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.05 மில்லி. அதில் யு-100 மருந்தை இழுத்தால் 0.05 × 100 = 5 யூனிட். இரண்டு போட வேண்டிய இடத்தில் ஐந்து! அறுபது கிலோ மனிதருக்கே அது சின்ன விஷயமில்லை. நாலு கிலோ பூனைக்கு அது எமன். திருப்பிப் போட்டால், அதாவது ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் யு-40 மருந்தை 2 வரை இழுத்தால், போவது 0.8 யூனிட்தான். உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் வைத்தியமும் ஆகாது. ஸ்கேல் ஒன்று, வேலை இன்னொன்று என்றால் ஒர்க்ஷாப்பில் ஒரு ஜாப் வீணாகும். இங்கே உயிர் வீணாகும். அந்த சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடை பார்த்தேன்.

ஆரஞ்சு மூடியிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மில்லி சிரிஞ்சுகள் பலவற்றில் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட். அதில் ஒரு யூனிட்டை எப்படி அளப்பது? கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கண்ணால் மதிப்பிடுவது பூனை விஷயத்தில் செல்லாது. 0.3 மில்லி சிரிஞ்சில் அரை யூனிட் கோடு போட்டது கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

ஊசி போடுவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். பக்கவாட்டில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அடியில் மெல்லச் செருகி அழுத்த வேண்டியதுதான். சாப்பிடும்போதே போட்டால் செவலை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பூனை நகர்ந்து மருந்து வெளியே சிந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. அந்த வேளையை விட்டுவிட வேண்டும். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் சமாளிக்கலாம், இரண்டு டோஸ் போய்விட்டால் சமாளிப்பது கஷ்டம். அதே காரணத்துக்காக, சாப்பிடாத பூனைக்கு வழக்கமான ஊசி கிடையாது. முதலில் தட்டு, பிறகு ஊசி. சாப்பிட மறுத்தால் டாக்டருக்குப் போன்.

சோறும் ஊசியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் வாரம் ஒரு யூனிட். ஒன்றும் அசையவில்லை, 380, 400 என்றே காட்டியது. இரண்டாக ஏற்றினார்கள். அதே சமயம் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்து மூன்றாம் வாரத்தில் அடியோடு நின்றது. சோறு இருக்கும்போது கணக்குப் பண்ணிய டோஸ், சோறு இல்லாத உடம்புக்கு அதிகம். ஒரு லோடுக்காக செட் பண்ணிய மோட்டாரிலிருந்து லோடைக் கழற்றினால் என்ன ஆகும் என்று நம் மின்னியல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்கு செவலை நடக்கும்போது தள்ளாடினான். கூப்பிட்டால் எங்கோ பார்த்தான். காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் 48.

சர்க்கரை ஏறிக் கிடந்தால் நாள் கணக்கு, வாரக் கணக்கு. இறங்கினால் நிமிடக் கணக்கு. அறுபதுக்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. அம்மா குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொண்டுவந்தார். அதை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே இருந்தோம். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும், தடவத்தான் வேண்டும். அப்பாயி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கால் மணி நேரத்தில் 71. நக்கிக்கொள்ள ஆரம்பித்தான். பிறகு கோழிக்கறி வைத்தோம். டாக்டர் போனிலேயே சாயங்கால ஊசியை நிறுத்தச் சொன்னார். மறுநாள் முதல் ஒரு யூனிட், பாதி.

அதன் பிறகுதான் முறையாக கிராப் ஷீட் போட ஆரம்பித்தேன். விடுமுறை நாளில் காலை ஊசிக்கு முன் ஒரு ரீடிங், பிறகு இரண்டு மணிக்கொரு ரீடிங், மாலை ஊசி வரை. எக்ஸ் அச்சில் நேரம், ஒய் அச்சில் சர்க்கரை. நடுவில் எவ்வளவு கீழே போகிறது என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். அந்தப் பள்ளம் 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் நல்லது. டோஸை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. ரீடிங் கொண்டுபோவது நம் வேலை. மனிதருக்கான குளுக்கோமீட்டரில் பூனை ரத்தத்தைப் பார்த்தால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். பூனை ரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் சிவப்பணுவுக்கு வெளியே திரவத்தில் இருப்பதால் வரும் பிழை இது. ஒரே மீட்டரை மாற்றாமல் பயன்படுத்தினால் போக்கு சரியாகத் தெரியும்.

மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மின்சாரம் போனால்? 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கம் பல கிராமங்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்போது அப்பாயியின் மருந்து இருந்தது புது மண்பானையில். ஈர மணலுக்கு நடுவில் மூடிய டப்பா, அதற்குள் பாட்டில். பானையின் சுவரில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறைகிறது. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் ஓட்டு வீட்டின் மே மாத வெக்கையிலிருந்து மருந்து தப்பும்.

மாத்திரை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்லோசின் என்ற மாத்திரைக்குப் பூனைகளுக்கென்றே அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லாப் பூனைக்கும் அது ஆகாது. முன்பே இன்சுலின் போட்டுவந்த பூனைக்குக் கொடுக்கக் கூடாது. செவலைக்கு அந்த வழி மூடியது.

இன்னொரு வழி திறந்திருக்கிறது. சீக்கிரமே ஊசியும், மாவு குறைந்த சாப்பாடும் ஆரம்பித்த பூனைகளில் கணிசமானவை சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகின்றன. சர்க்கரை என்ற நஞ்சு நீங்கியதும் மிச்சமிருக்கும் கணையச் செல்கள் மறுபடி எழுந்துகொள்கின்றன. திரும்ப வராது என்று உத்தரவாதம் கிடையாது. செவலை இப்போது வேளைக்கு அரை யூனிட்டில் இருக்கிறான். எடை நாலே முக்கால். பின்னங்கால் குதி தரையை விட்டு எழும்பிவிட்டது. போன ஞாயிறு கிராப்பில் பள்ளம் 92. அடுத்த கிராப்பும் இப்படியே வந்தால் ஊசியை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒரத்தநாட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

யார் வீட்டிலாவது பூனை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் என்னிடம் சொல்லுங்கள், கூடை இருக்கிறது, தருகிறேன். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடியை இறுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே கொடுத்துவிடுங்கள்.